டிடி-02 செசிக்கு எந்தப் பாடி நிஜக் கார் மாதிரி நிற்கும்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். டமியா டிடி-02 ரிமோட் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கொழுந்து மடுவத்துக்கு முன்னால் இருக்கிற சீமெந்துத் தரையிலும் தொழிற்சாலைக்கு இறங்குகிற தார் ரோட்டிலும் ஓட்டுகிறீர்கள். கூட வந்த பாடி, அதாவது மேல் கூடு, உடைந்துவிட்டது. கடையில் காட்டிய ரேஸ் பாடிகள் தவளையைத் தட்டையாக்கினது மாதிரி இருக்கின்றன. படத்தில் அசலாகத் தெரிந்த ஒரு நிசான் ஸ்கைலைன் ஆர்34 பாடியை வாங்கிப் பூட்டினால் அதுவும் பொம்மையாகத்தான் தெரிகிறது. நிஜக் கார் மாதிரித் தெரிகிற பாடி எது, முடிந்தால் அப்பா ஓட்டிய கேஈ70 கொரோலா மாதிரி ஒன்று கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. "எதை வாங்கலாம்" என்று கேட்டாலும், உங்களை உறுத்துவது அந்த ஸ்கைலைன்தான் என்று நினைக்கிறேன். நல்ல கம்பெனிப் பாடி, நல்ல பெயின்ட், இருந்தும் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது பாதி முடிந்த மாதிரி.

என்னைப் பற்றி ஒரு வரி. பண்டாரவளையில் 22 வருடமாக நிஜக் கார்களுக்கு டிங்கரிங், பெயின்ட் வேலை செய்கிறேன். ரிமோட் கார் பைத்தியம் பிடித்து 13 வருடம். கார்ப்பெட் விரித்த உள்ளரங்கத் தடத்தில் நான் ஓட்டியதில்லை, வெளிநாட்டுப் போட்டி எதற்கும் போனதில்லை. அதனால் கீழே சொல்வதெல்லாம் நம் மலையக ரோட்டுக்கும் சீமெந்துத் தரைக்கும் மட்டும். அளவுக் கணக்குகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம். அழகு பற்றிச் சொல்கிற இடங்களில் அது என் கண்ணின் ருசி, அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. உங்கள் செசியை, அதாவது பாடியைத் தாங்குகிற அடிப்பகுதியை, 1/10 என்கிறார்கள், நிஜக் காரின் பத்தில் ஒன்று என்று அர்த்தம். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று என்பது பாதி உண்மைதான். உங்கள் செசி சேர்ந்த டூரிங் கார் வகையில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், 257 மில்லிமீற்றர் என்று கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. பாடியின் அகலம் 190. எந்தக் காரின் பாடியாக இருந்தாலும் இந்த இரண்டு எண்ணுக்குள் உட்கார்ந்தாக வேண்டும். 257ஐ 190ஆல் வகுத்தால் 1.35 வரும். இப்போது உங்கள் ஸ்கைலைனை எடுங்கள். ஆர்34 ஜிடி-ஆரின் நிஜ வீல்பேஸ் 2665 மில்லிமீற்றர், அகலம் 1785. வகுத்தால் 1.49. சரியான 1/10 என்றால் அது 266.5 நீளமும் 178.5 அகலமுமாக இருக்க வேண்டும். உங்கள் செசிக்காக அதை நீளத்தில் ஒன்பதரை மில்லிமீற்றர் சுருக்கி, அகலத்தில் பதினொன்றரை மில்லிமீற்றர் இழுத்திருக்கிறார்கள். அச்சுச் செய்தவர் கெட்டிக்காரர் என்றால் இந்தத் திருட்டைக் கதவிலும் பொனட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு மறைப்பார். ஆனாலும் அந்தக் காரைத் தெருவில் பார்த்துப் பழகிய கண் ஏமாறாது. எது பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பிழை என்று தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வடிகட்டி இது: நீங்கள் ஆசைப்படும் காரின் நிஜ வீல்பேஸையும் அகலத்தையும் தேடி எடுத்து வகுத்துப் பாருங்கள். 1.35க்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு குறைவாக அதை நசுக்கியிருப்பார்கள். போர்ஷே 911, 991 என்று அழைக்கப்படும் தலைமுறை, 2450க்கு 1808. அது அப்படியே 1.355. ரிமோட் கார் உலகத்தில் 911 ஏன் எப்போதும் அழகாக உட்காருகிறது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன், வகுத்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது. மஸ்டா ஆர்எக்ஸ்-7இன் கடைசித் தலைமுறை 2425க்கு 1760, அதாவது 1.38. லான்சியா டெல்டா இன்டெக்ரேல் எவோலுசியோனே 2480க்கு 1770, அதாவது 1.40. மிட்சுபிஷி லான்சர் எவோ 6, 2510க்கு 1770, அதாவது 1.42. டொயோட்டா ஜிடி86இன் வீல்பேஸ் சொல்லி வைத்த மாதிரி 2570, உங்கள் செசிக்கு மயிரிழை பிசகாது. அகலத்தில் மட்டும் பன்னிரண்டரை மில்லிமீற்றர் கூடும்.

இனி நம் ரோட்டில் தினமும் பார்க்கிற கார்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸ் 2700க்கு 1745, கணக்கு 1.55 வரும். வேகன் ஆர் 2425க்கு 1475, அது 1.64. ஜப்பானில் கெய் வகைக் கார் 1480 மில்லிமீற்றர் அகலத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம், அதனால்தான் நம் வேகன் ஆர் நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. அதை 190 அகலத்துக்கு விரித்தால் அது வேகன் ஆரே இல்லை. உயரம் வேறு பிரச்சினை, முதல் வளைவிலேயே குப்புற விழும். இதுகளை விட்டுவிடுங்கள்.

கணக்குக்குச் சின்ன விலக்கு ஒன்று உண்டு. நிஜத்திலேயே மட்கார்டை வீங்க வைத்து ஓட்டிய கார்களுக்கு அகலம் கூடினால் கண் கோபிக்காது. டெல்டா, பழைய பிஎம்டபிள்யூ எம்3, அவுடி குவாட்ரோ எல்லாம் பெட்டி மாதிரி வெளியே தள்ளிய மட்கார்டு உள்ளவை. இன்னும் கொஞ்சம் தள்ளினாலும் "இப்படித்தான் இருந்தது" என்றுதான் தோன்றும். சுபாரு இம்பிரெசாவும் அப்படித்தான். ரோட்டில் ஓடிய முதல் தலைமுறை இம்பிரெசா 1690 அகலம். அதன் உலக ரலிக் கார் அன்றைய விதிப்படி 1770 வரை விரிந்தது. ரலிக் காரின் பாடியைத் தெரிவு செய்தால் அதே இம்பிரெசா 1.49இலிருந்து 1.42க்கு இறங்கிவிடுகிறது. வீட்டுக் காரை விட ரலிக் கார் மொடலாகும்போது அசலாகத் தெரிவதற்கு ஸ்டிக்கர் மட்டும் காரணம் இல்லை.

இனி உயரம். கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, எனக்கோ இந்த விஷயத்திலேயே முக்கியமானது இதுதான். ரேஸ் ஓட்டுகிறவர்கள் செசியின் அடி தரையிலிருந்து ஐந்தாறு மில்லிமீற்றர் இருக்க வைப்பார்கள். நம் தோட்டத்து ரோட்டில் அந்த உயரம் செல்லாது. கல் பெயர்ந்த தார், சீமெந்துத் தரையின் வெடிப்பு, மடுவத்து வாசலில் சிந்திக் கிடக்கிற கொழுந்து. பத்து மில்லிமீற்றராவது தூக்கினால்தான் ஓடும், பன்னிரண்டு என்றால் நிம்மதி. அப்படித் தூக்கினதும் ஜிடி ரேஸ் கார்ப் பாடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மாதிரி ஆகிவிடும். எல்லாரும் இதைத் தங்கள் ரோட்டின் குறையாக நினைக்கிறார்கள். நிஜக் காரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காரின் அடி தரையிலிருந்து 130 முதல் 160 மில்லிமீற்றர் இருக்கும். பத்தில் ஒன்று என்றால் 13 முதல் 16. அதாவது உங்கள் ரோடு கட்டாயப்படுத்துகிற உயரம்தான் வீட்டுக் காருக்கும் ரலிக் காருக்கும் கிட்டத்தட்ட சரியான உயரம்! தவறு உயரத்தில் இல்லை, அந்த உயரத்துக்குப் பொருந்தாத காரைப் போட்டதில்தான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தையோ, தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் ஓட்டத்தையோ பார்த்திருப்பீர்கள். ஃபொக்ஸ்ஹில் மண் தடத்தில் ஓடுகிற கார் எப்படி நிற்கிறது என்று மனதில் படம் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் செசியைப் பாருங்கள். அந்த நிலைதான் உங்களுக்கு இயல்பாக வரும். இயல்பாக வருகிறதை வைத்துக்கொண்டு காரைத் தெரிவு செய்வதே புத்தி. நானும் முதல் மூன்று வருடம் தாழ்ந்த கார்களைப் போட்டுப் போட்டு, முன் பம்பரைத் தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் இதைக் கற்றேன்.

அந்தத் தவளைப் பாடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவற்றைத் திட்டுவது நியாயமில்லை. 1990களின் முதல் பாதியில் இந்த வகை கிளம்பியபோது எல்லாம் நிஜக் கார்களின் நகலாகத்தான் இருந்தன, அல்ஃபா 155, ஓப்பல் கலிப்ரா என்று ஜெர்மன் டூரிங் கார் ஓட்டத்தில் பார்த்த முகங்கள். அப்புறம் போட்டி சூடாக ஆக, எந்த வடிவம் காற்றை நன்றாக அமுக்கிப் பிடிக்கிறதோ அதுவே வென்றது. கூரையை முன்னுக்குத் தள்ளி, பொனட்டைக் குட்டையாக்கி, மூக்கைச் சரித்து, 'மஸ்டா 6' என்று பெயர் போட்டார்கள். பெயரில்தான் மஸ்டா இருந்தது. ஐரோப்பாவில் எஃப்ரா, அமெரிக்காவில் ரோர் போன்ற ரிமோட் கார் ஓட்ட அமைப்புகள் அனுமதித்த பாடிப் பட்டியல் வைத்திருக்கின்றன, பெரிய போட்டிக்குப் போனால் அதில் உள்ளதைத்தான் போட வேண்டும். இது அலுத்துப்போய்த்தான் அமெரிக்காவில் நிஜக் கார் மாதிரியான பாடிகளுக்கென்றே தனி வகுப்புகள் வைத்தார்கள், பழைய டிரான்ஸ்-ஆம் ஓட்டத்துக் கார்களுக்கு ஒன்று, ஜிடி கார்களுக்கு ஒன்று. உங்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பெட்டியோடு வந்த 540 மோட்டாரில், தூசித் தரையில் நீங்கள் போகிற வேகத்துக்குக் காற்று அமுக்கம் ஒரு பொருட்டே அல்ல. சறுக்குவது டயரால், மேலிருக்கும் கூட்டால் அல்ல. எனவே ரேஸ் பாடி வாங்காததால் எதையும் இழக்கப்போவதில்லை.

சில்லுகளைக் கவனிக்காமல் பாடிக்குப் பணம் கொட்டுகிறவர்கள் அதிகம். பாடி 190 அகலம், உங்கள் டிடி-02 பெட்டியில் வந்த சில்லுகளோடு சுமார் 185. இருபக்கமும் இரண்டரை மில்லிமீற்றர் உள்ளே ஒடுங்கும். நிஜக் காரில் அது இரண்டரை சென்ரிமீற்றர். பொம்மைத்தனத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. ரிம்முக்கு ஓஃப்செற், அதாவது சில்லு எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு, 0, 3, 6 என்று வரும். 3 மில்லிமீற்றர் ஓஃப்செற் உள்ள ரிம்மை மாற்றினாலே உங்கள் ஸ்கைலைன் பாதி திருந்திவிடும், செய்து பாருங்கள். டிரிஃப்ட் ஓட்டத்துக்கென்று வருகிற பாடிகள் சில 195, 200 வரை போகும், அவற்றுக்கு இன்னும் வெளியே தள்ள வேண்டும். பெட்டியில் அகலம் போட்டிருக்கும், வாசிக்காமல் வாங்காதீர்கள்.

டயரின் விட்டமும் பேசும். டூரிங் கார் டயர் சுமார் 64 மில்லிமீற்றர். ஆர்34இன் 245/40 ஆர்18 டயரைக் கணக்குப் போட்டால் 653 மில்லிமீற்றர், பத்தில் ஒன்று 65, குறை சொல்ல இடமில்லை. பழைய காருக்குத்தான் சிக்கல். ஏஈ86 கொரோலாவின் 185/60 ஆர்14 டயர் 578 மில்லிமீற்றர். 1/10 என்றால் 58தான் வர வேண்டும். ஆனால் அந்தக் காரின் வீல்பேஸ் 2400. அதை 257க்கு இழுக்கும்போது அளவு 1/9.3 ஆகிவிடுகிறது, அந்த அளவில் டயர் 62. ஆக விட்டம் பெரிதாகப் பிழைக்கவில்லை. பிழைப்பது ரிம். நம் ரிம்கள் நிஜக் கணக்கில் 19, 20 அங்குல ரிம் மாதிரிப் பெரிதாக, டயரின் பக்கச் சுவர் மெல்லிசாக இருக்கும். பதின்மூன்று அங்குல ரிம்மில் ஓடிய காருக்கு அது பேரனின் சப்பாத்தைத் தாத்தாவுக்குப் போட்டது மாதிரி. நான் செய்கிற தந்திரம்: ரிம்மின் வெளி வளையத்தை டயர் நிறத்தில் மங்கலான கறுப்பு அடித்துவிடுவேன். பத்தடி தூரத்தில் அது டயராகத்தான் தெரியும்.

பாடி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் படத்தைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடலாம். பொலிகாபனேட் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, கீழிருந்து காற்றை உறிஞ்சி இழுக்கிறார்கள். ஆறியதும் அச்சிலிருந்து கழற்ற வேண்டும் அல்லவா, அதனால் உட்பக்கம் மடிகிற வளைவு எதையும் ஆழமாகக் கொடுக்க முடியாது. கதவுகளின் அடிப்பகுதி நிஜக் காரில் உள்ளே சரியும், இதில் நேராக நிற்கும். கூர்மையான மடிப்பு மழுங்கும். கண்ணாடியும் தகரமும் ஒரே மட்டத்தில் இருக்கும். கிரில் பெரும்பாலும் ஸ்டிக்கர். தகடு எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே மெலியும், பம்பரின் கீழ் மூலைகள் முதலில் வெடிப்பது அதனால்தான். ஆகவே நல்ல பாடி என்பது விளக்கையும் பக்கக் கண்ணாடியையும் தனிப் பாகமாகக் கொடுப்பது. ஹெட்லைட்டை ஸ்டிக்கராக ஒட்டினால் காருக்குக் கண்புரை வந்த மாதிரி. வெள்ளிப்பூச்சுக் கிண்ணம் தனியாக வந்து, அதன் முன்னே தெளிந்த தகடு இருந்தால் எல்ஈடி போடாவிட்டாலும் உயிர் இருக்கும். டமியா பாடிகள் பலவற்றில் இது வருகிறது. கில்லர்பாடி என்கிற கம்பெனி இதில் இன்னும் ஒரு படி மேலே போகும், ஆனால் எடையும் கூடும். ஜப்பானின் பண்டோரா, ஏபிசி ஹொபி இரண்டும் பழைய ஜப்பானியக் கார்களை நேசித்துச் செய்கிறவர்கள், கோடுகள் கூர்மை.

படத்தைப் பார்க்கும்போது முன்பக்க மூலையிலிருந்து எடுத்த படத்தை நம்பாதீர்கள், எல்லாப் பாடியும் அந்தக் கோணத்தில் அழகுதான். நேர் பக்கவாட்டுப் படத்தைத் தேடுங்கள். நிஜக் காரின் பக்கவாட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டை மட்டும் பாருங்கள்: முன் சில்லின் நடுவிலிருந்து முன்கண்ணாடியின் அடி எவ்வளவு தள்ளி இருக்கிறது, கூரையின் மிக உயர்ந்த இடம் எங்கே வருகிறது. இந்த இரண்டும் சரியென்றால் மற்றதைப் பெயின்டில் சமாளிக்கலாம். ஒரு முறை மலிவு விலைக்கு ஆசைப்பட்டு இணையக் கடை ஒன்றில் நகல் பாடி வாங்கினேன். வந்து சேர்ந்ததைப் பூட்டினால் இடது பின் சில்லு மட்கார்டின் நடுவில், வலது பின் சில்லு ஐந்து மில்லிமீற்றர் முன்னால். யாரோ உருக்குலைந்த பாடியின் மேல் அச்செடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவை அனுப்பும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, வெட்டிப் பழக மருமகனிடம் கொடுத்துவிட்டேன்.

தடிப்பைப் பற்றிச் சுருக்கமாக. 0.5 மில்லிமீற்றர் தகடு ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு, 0.75 சாதாரணமாக வருவது, உங்களுக்கு அதற்கு மேல் கிடைத்தாலும் நல்லது. பொலிகாபனேட் இல்லாமல் ஏபிஎஸ் என்கிற கட்டிப் பிளாஸ்டிக்கில் வருகிற பாடிகள் பார்க்க மிக அசல். மடிப்புகள் கூர்மை, வெளிப்பக்கம் நிஜக் கார் மாதிரியே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் மடுவத்துத் தூணில் ஒரு முறை மோதினால் துண்டு பொறுக்க வேண்டியதுதான். அலுமாரியில் வைக்க வாங்குங்கள், ஓட்ட வேண்டாம்.

பெயின்ட் என் தொழில் என்பதால் அங்கே எனக்குத் தலைக்கனம் இருந்தது. முதல் பாடிக்குக் கராஜில் மிச்சமிருந்த கார் பெயின்டை அடித்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. முதல் மோதலில் முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது. கார் பெயின்ட் விறைப்பானது, பாடி வளைகிறது, இரண்டும் ஒத்துவராது. தின்னர், அசிற்றோன் வகைகள் பொலிகாபனேட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்பையும் உண்டாக்கும். டமியாவின் பிஎஸ் வரிசை மாதிரி இதற்கென்றே உள்ள பெயின்டைத்தான் எடுக்க வேண்டும், அதையும் உட்பக்கமாக. அடிக்க முன் உள்ளே பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி நன்றாக உலர விடுங்கள். நம் பக்கம் மழையும் மூடுபனியும் உள்ள நாளில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் பால் படிந்த மாதிரி வெளிறிவிடும். குளிரில் டின்னின் அமுக்கம் குறைந்து துளி துளியாகத் துப்பும், அடிக்க முன் டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் (கொதிநீரில் இல்லவே இல்லை) சில நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். வெயில் ஏறிய பத்து மணிக்குப் பிறகு, மெல்லிய பூச்சுகளாக. இருண்ட நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு, கடைசியில் பின்னணிக்கு வெள்ளை அல்லது வெள்ளி.

அசலாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் சில. நிஜக் காரின் மெற்றாலிக் பெயின்டில் உள்ள மினுக்குத் துகள் 1/10 காருக்கு மிகப் பெரிது, கல்யாண வீட்டுச் சரிகை மாதிரி ஆகிவிடும். துகள் நுண்ணியதாக உள்ளதைத் தேடுங்கள், அல்லது வெள்ளை, மங்கல் சிவப்பு, வெளிர் நீலம் போன்ற சாதா நிறத்துக்குப் போங்கள். சின்னப் பொருளில் நிறம் ஒரு படி இருண்டு தெரியும், எனவே ஒரு படி வெளிர் நிறம் எடுங்கள். கண்ணாடிகளை வெறுமையாக விட்டால் உள்ளே பற்றரியும் வயரும் தெரிந்து மானம் போகும். பெயின்ட் படாமல் கண்ணாடிகளை மறைத்திருந்த முகமூடித் தாளை உரித்த பிறகு உள்ளே பிஎஸ்-31 ஸ்மோக்கை ஒரே ஒரு மெல்லிய பூச்சு விடுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்குப் பளபளப்பில்லாத கறுப்பு. கதவுக் கோடுகளை மட்டும் கறுப்பில் இழுக்காதீர்கள், அது சின்னப்பிள்ளை வரைந்த கார் ஆகிவிடும். கடுஞ்சாம்பல் நிறப் பேனா போதும்.

சரி, அப்பாவின் கொரோலா. கேஈ70இன் வீல்பேஸ் 2400 மில்லிமீற்றர், அகலம் 1610 அளவு. உங்கள் டிடி-02இல் அதைப் போட்டால் நீளத்துக்கு 17 மில்லிமீற்றரும் அகலத்துக்கு 29 மில்லிமீற்றரும் கூட்ட வேண்டும். ஒல்லியான, நேர் முதுகுள்ள அந்தக் காரை இப்படி ஊதிப் பெருக்கினால் அது அப்பாவின் கார் அல்ல, அப்பாவின் காரை நினைவுபடுத்துகிற வேறு ஒன்று. ஆனால் டமியாவிலேயே எம் செசி என்று ஒரு சின்ன வகை இருக்கிறது. 1994இல் மினி கூப்பரோடு வந்தது. அதற்கு மூன்று வீல்பேஸ், 210, 225, 239. அகலம் சுமார் 165. கேஈ70 சரியான பத்தில் ஒன்று என்றால் 240க்கு 161. பார்த்தீர்களா? நீள எம் செசியில் அந்தக் கொரோலா ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. டயரும் சின்னது, பக்கச் சுவர் தடிப்பு, அந்தக் காலத்துக் கார் மாதிரியே. மொரிஸ் மைனரும் (2184க்கு 1549) அந்தக் குடும்பத்துச் செசிக்குத்தான் பொருந்தும். பிரிட்டனில் சில சின்னப் பட்டறைகள் பழைய ஆங்கிலக் கார்களின் பாடியை இந்த அளவில் இழுத்து விற்கின்றன.

நீங்களே அச்சுச் செய்து இழுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். நான் ஒரு முறை முயன்றேன். மரத்தில் அச்சுச் செதுக்குவது கஷ்டமில்லை, மாதக்கணக்கில் இன்பமான வேலை. பொலிகாபனேட் தகடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மணிக்கணக்கில் உலர்த்தாமல் சூடாக்கினால் உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கும். நம் ஊர் ஈரத்தில் என்னுடையது அப்பளம் மாதிரி வந்தது. இதை ஒரு முடிவான தீர்ப்பாகச் சொல்லவில்லை, நல்ல அவன் வைத்திருக்கிற ஒருவர் வெல்லலாம்.

இப்போதைக்கு உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். தினமும் ஓட்ட டிடி-02க்கு ஒரு ரலிப் பாடி. டமியா 1999 மொன்டி கார்லோ இம்பிரெசாவை டிடி-02இலேயே விற்றிருக்கிறார்கள், லான்சியா டெல்டாவும் உண்டு. எது முதலில் கைக்கு வருகிறதோ அது. செசியைப் 12 மில்லிமீற்றருக்குத் தூக்கி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீற்றர் மட்டும் விடுகிற மாதிரி பாடியைத் தாங்குகிற தூணின் ஊசித் துளையை மாற்றிக்கொள்ளுங்கள். பாடியைப் பெயின்ட் அடித்து வெட்டி முடித்தபின், உட்பக்கம் பம்பர் மூலைகளிலும் மட்கார்டு விளிம்புகளிலும் சுவர் வெடிப்புக்கு ஒட்டுகிற வலைத் துணியைச் சப்பாத்து ஒட்டும் ரப்பர் பசையில் பதித்துவிட்டால் ஒரு வருடம் தாங்கும். தபாலில் எடுக்கிறீர்கள் என்றால் பெட்டி பெரிது, எடையை விட இடத்துக்குத்தான் காசு பிடுங்குவார்கள். இரண்டு பாடியை ஒன்றுக்குள் ஒன்று வைத்து எடுப்பது லாபம், நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொரோலாவுக்கு அவசரப்படாதீர்கள். பழைய எம் செசி ஒன்று, 239 என்று போட்ட கொரோலாப் பாடி ஒன்று, இரண்டும் சேரும்வரை பொறுங்கள். அதற்கிடையில் ஒரு வேலை இருக்கிறது. பழைய புகைப்படத்தில் உள்ள நிறத்தை நம்ப முடியாது, படமே மஞ்சளாகியிருக்கும். அந்தக் கார் இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, ஒரு முறை பொனட்டைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். எஞ்சின் அறையில் ஒரு தகடு இருக்கும், அதில் நிறத்தின் இலக்கம் பொறித்திருப்பார்கள். அந்த இலக்கத்தை எனக்கு எழுதுங்கள். வெயில் படாத டிக்கி உட்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பினால், எந்த பிஎஸ் நிறங்களை அடுக்கினால் அது வரும் என்று இங்கே ஒரு வெட்டுத் துண்டில் அடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.